ஆளில்லாக் கலத்துக்கு ஐந்து மூக்கு

திருவனந்தபுரத்தில் ராக்கெட்டோடு சம்பந்தமில்லாத குடும்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு வீட்டில் மாமனார் எரிபொருள் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். அடுத்த வீட்டு மருமகள் கணக்குப் பிரிவில் இருப்பாள். எதிர்வீட்டுக்காரர் அங்கே கேன்டீனுக்குப் பால் ஊற்றுவார். மூன்று பேரும் ராக்கெட்டைப் பற்றி ஒரே தோரணையில்தான் பேசுவார்கள். எனக்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் அது என் மூக்கோடு நின்றுவிடும்.

நான் மோந்து பார்க்கிறவள். மனிதர்கள் ஏறிப்போகப்போகும் விண்கலத்துக்குள் வைக்கிற ஒவ்வொரு பொருளும் நாற்றமடிக்கிறதா இல்லையா என்று சொல்வது என் வேலை. பசை, பஞ்சு, கம்பி உறை, பெல்ட், பை எல்லாவற்றையும் மோந்தாக வேண்டும். பூமியில் ஒரு அறை நாறினால் ஜன்னலைத் திறக்கலாம். மேலே போன பிறகு ஜன்னலைத் திறக்க முடியாது. ஒரு சின்ன நாற்றம் நாள் முழுக்க மூடிய கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தால் உள்ளே இருப்பவனுக்குக் குமட்டும். எடையில்லாத இடத்தில் குமட்டினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப்போவதில்லை.

எங்கள் ஆய்வகம் சின்னது. பெரிய இடத்துக்குக் கூலிக்கு மோந்து கொடுக்கும் தனியார் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதியியலில் முதுகலை படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "ராக்கெட்டுல என்ன சோலி மக்களே பாக்குத?" என்று கேட்பார்கள். "தரக்கட்டுப்பாடு" என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் அடுத்த வாரம் ஆளுக்கொரு மீனைக் கொண்டுவந்து மூக்கருகே நீட்டுவார்கள்.

மோந்து பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பொருளில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி, இளஞ்சூட்டில் சில நாள் வைப்பார்கள். பிறகு உள்ளே இருக்கும் காற்றை ஊசிக்குழாயில் இழுத்து எங்கள் மூக்கருகே விடுவார்கள். ஒன்றும் தெரியாவிட்டால் பூஜ்யம். ஓடிவிடலாம் போலிருந்தால் நாலு. எங்கள் குழுவில் இருக்கும் ஐந்து பேரும் தனித்தனியாகப் போடும் எண்களின் சராசரி எல்லையைத் தாண்டினால் பொருள் திரும்பிப்போகும். ஐவரில் ஒரே ஒருவர் மூன்று போட்டாலும், காரணம் தெரியும்வரை பொருள் நிற்கும். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கக்கூடாது என்று நடுவே தட்டி வைத்திருந்தார்கள்.

மோக்கும் நாளில் வெங்காயம், பூண்டு, காப்பி, பவுடர், தலையில் பூ எதுவும் ஆகாது. சாலைக் கடைத்தெரு வழியாக வரக்கூடாது என்றுகூட ஒரு விதி. அந்தத் தெருவைத் தாண்டி வந்தால் வத்தலும் மல்லியும் பெருங்காயமும் மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், மதியம் வரை இறங்காது. நான் கரமனையிலிருந்து சுற்றிக்கொண்டு போவேன். எங்கள் வீட்டில் அதற்கு முந்தைய நாளே அடுப்படி பத்தியச் சாப்பாட்டுக்கு மாறிவிடும். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு இதில் தீராத வருத்தம்.

இருக்கைக்கான நுரைப் பஞ்சு வந்த வாரம் அவர் நேராகவே கேட்டார். "இந்தத் தடவை வண்டியில ஆளு போவுதா?"

"இல்ல. இது ஆளில்லாத சோதனை. பொம்மைதான் இருக்கும்."

"பொம்மைக்கு மூக்கு உண்டா?"

"இல்ல."

"பின்னே ஆளில்லாத்த வண்டிக்கு நான் எதுக்குக் கருவாடு திங்காம இருக்கணும்?"

நியாயமான கேள்விதான். ஆளை ஏற்றுவதற்கு முன்னால் ஆளில்லாமல் அனுப்பிப் பார்ப்பது எல்லா நாட்டிலும் வழக்கம். ஒரு காலத்தில் நாயை அனுப்பினார்கள், குரங்கை அனுப்பினார்கள். அந்த நாய்க்கு எங்கள் ஐந்து பேரையும் சேர்த்தாலும் ஈடாகாத மூக்கு இருந்திருக்கும், அதனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. இப்போது மூக்கே இல்லாத பொம்மை போகிறது, நாங்கள் பட்டினி கிடந்து மோக்கிறோம். விளக்கம் என்னவென்றால், ஆளில்லாமல் போகும் கலமும் ஆள் போகும் கலம் மாதிரியே இருந்தாக வேண்டும். வேறு பஞ்சில் வேறு பசையில் செய்து அனுப்பிவிட்டு, அது பத்திரமாகத் திரும்பி வந்தது என்று சொல்லி என்ன பிரயோஜனம்? இதையெல்லாம் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "பொம்மை குடுத்து வச்சது" என்றார்.

எங்கள் ஐவர் குழுவுக்குத் தலைவர் கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். சுத்தத்தில் கெட்டி. எங்கள் ஊசிக்குழாய்களை அவர் துடைக்கிற விதத்தைப் பார்த்தால் பூஜைச் சாமானோ என்று தோன்றும். இரண்டாமவர் ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை, நாற்பதைத் தொட்டவர், என்னை அக்கா என்பார். மற்ற இருவரும் மலையாளிகள், தங்கமானவர்கள். தட்டி இருந்தும் எப்படியோ தலைவர் போடும் எண்ணையே போடுவார்கள். ஐந்தாவது நான், மார்த்தாண்டம் பக்கத்து ஊர்க்காரி, சபைக்காரி. இந்த ஐவரில் நான் மட்டும்தான் கிறிஸ்தவள் என்பது அதுவரை என் நினைவில்கூட இருந்ததில்லை. மூக்குக்கு மதம் ஏது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு இருக்கைப் பஞ்சு முறை. கலத்துக்குள் பொம்மை உட்காரப்போகும் இருக்கையின் பஞ்சு, உறை, பெல்ட் மூன்றிலிருந்தும் வெட்டிய துண்டுகள். உள்ளே வைக்கும் பொருள்களில் அதுதான் கடைசி. அது தேறினால் எங்கள் வேலை முடிந்தது, கலத்தை மூடிவிடலாம். எல்லோரும் நல்ல உற்சாகத்தில் இருந்தார்கள். ஊசிக்குழாய் என் மூக்கருகே வந்தது, மூச்சை இழுத்தேன்.

கற்பூரம்.

லேசாக இருக்கிறதோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. யாரோ என் மூக்குக்கு நேரே ஆரத்தித் தட்டைக் காட்டிவிட்டுப் போன மாதிரி அடித்தது. எங்கள் வீட்டில் கற்பூரம் என்றால் சளிக்கு நெஞ்சில் தேய்க்கும் தைலத்தில் இருப்பது. மற்றபடி அது பக்கத்து வீட்டு வாசனை, வெளியிலிருந்து வருவது. அதனால்தான் வந்த உடனே எனக்குத் தெரிந்துவிடும். மூன்று போட்டேன். அதற்குப் பக்கத்தில் என்ன வாசனை என்று எழுத ஒரு கட்டம் உண்டு. பேனா அங்கே நின்றுவிட்டது.

பயந்துவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஐந்து பேரில் ஒரே ஒரு கிறிஸ்தவள். அவள் கற்பூரம் நாறுகிறது என்று எழுதிக் கலத்தை நிறுத்துகிறாள். இந்த வாக்கியத்தை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் எனக்கு நல்லதாகப் படவில்லை. ‘மருந்து மாதிரி ஒரு வாடை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மற்ற நால்வரும் பூஜ்யம்.

தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத மனிதர், அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அம்மா, ஜலதோஷம் ஏதாவது உண்டா?"

"இல்ல சார்."

"ஆத்துல யாருக்காவது தைலம் தேச்சேளா?"

"இல்ல சார்."

"நாலு பேருக்கும் ஒண்ணும் இல்லையாக்கும். உங்களுக்கு மட்டும் மூணு. இந்த லாட்டுக்காக மேல எல்லாரும் காத்துண்டிருக்கா, கேட்டேளா? இதைத் திருப்பி அனுப்பிச்சா பஞ்சு வார்க்கறதுலேர்ந்து ஆரம்பிக்கணும். ஃப்ளைட்டே தள்ளிப்போயிடும்."

ஆரியசாலைக்காரர் வெளியே பிடித்துக்கொண்டார். "எக்கா, நல்லா மோந்துதான் போட்டீங்களா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே. மூணுன்னா பெரிய நம்பர்லா. ஒண்ணுன்னு மாத்தி எழுதிக் குடுத்துருங்களேன், சோலி முடிஞ்சிரும்."

வந்த கோபத்துக்கு அளவில்லை. கணக்கு வாத்தியார் கூட்டலைத் தப்பாகப் போட்டால் மாற்றலாம். மோந்ததை எப்படி மாற்றுவது? மோக்காத மாதிரி நடிக்கவா? அதற்கு அந்தப் பொம்மையையே குழுவில் சேர்த்துக்கொள்ளலாமே. இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால் "யோசிக்கிறேன் தம்பி" என்றேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கற்பூரம்னு நீ பறஞ்சா வேற மாதிரி ஆயிரும், கேட்டியா" என்றார். "பேசாம விட்டுரு. எனக்க ஆபீஸ்ல இப்பிடி ஒரு காரியம் வந்தா நான் வாயத் தொறக்கமாட்டேன்."

"விட்டுட்டா எனக்க மூக்கு பொய் சொன்னதா ஆயிரும்ல."

"ஆவட்டும். மூக்குதான?"

அவருக்கு அது மூக்குதான். அடுத்த தடவை நான் மூன்று போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு நாள் நிஜமாகவே ஒருவன் அந்த இருக்கையில் உட்கார்ந்து போவான், அவனுக்காக நான் போடும் எண்ணை ‘அந்த அம்மாவுக்கு எப்பவும் ஜலதோஷம்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் வெங்காயம் இல்லாமல் தின்றது இதற்காகவா?

மறுநாள் காலை குழு மொத்தமும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். "சார், அது மருந்து இல்ல. கற்பூரம்."

நான் பயந்த கேள்வியைக் கேட்கப்போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தலைவர் முகத்தில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"கற்பூரமா? அதெல்லாம் ஒரு வாசனையாம்மா?"

நானும் அவரைப் புரியாமல் பார்த்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை. தண்ணீருக்கு என்ன ருசி என்று கேட்பதுபோல் கேட்டார். ஆரியசாலைக்காரர் தலையை ஆட்டினார். "அதானே, கற்பூரம்னா... அது சும்மா கற்பூரம்லா."

எங்கள் வழக்கப்படி, ஒருவர் எண் மற்றவர்களோடு இவ்வளவு மாறினால் அவர் மூக்கைத் திரும்பப் பரீட்சை செய்ய வேண்டும். வரிசையாகக் குப்பிகள் வைப்பார்கள், சிலதில் வாசனை இருக்கும், சிலது வெறும் தண்ணீர். ஒன்றில் தவறினாலும் குழுவில் இடம் கிடையாது. தலைவர் அந்தப் பரீட்சைக்கு என்னை வரச்சொன்னார். பிறகு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை அந்தத் திமிர். "எனக்கு மட்டும் வச்சா நான் எழுதமாட்டேன் சார். அஞ்சு பேருக்கும் வையுங்க. கற்பூரம் ஒரு குப்பியில இருக்கணும், பஞ்சுல இருந்த அளவுதான் இருக்கணும்" என்றேன். இரண்டு மலையாளிகளும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்குத் தட்டி இல்லை.

குப்பிகளைத் தயார் செய்ய அடுத்த கட்டடத்து வேதியியல்காரியைக் கூப்பிட்டார்கள். அவள் எங்கள் ஒருவருக்கும் வேண்டியவள் இல்லை, அதனால் தகுதியானவள். நாங்கள் வரிசையாக மோந்து எழுதிக் கொடுத்தோம். எலுமிச்சை எனக்குத் தெரிந்தது, புளிச்ச மோர் தெரிந்தது, கற்பூரமும் நன்றாகவே தெரிந்தது. வெறும் குப்பிகளுக்கு ‘வெறும்’ என்று எழுதினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் தாள்களோடு வந்தாள். வாயை அடக்கிக்கொண்டிருந்தாள், கண்ணில் சிரிப்பு தெரிந்தது. "கற்பூரம் குப்பி. நாலு பேர் ‘வெறும்’னு எழுதியிருக்காங்க. சேச்சி மாத்திரம் கண்டுபிடிச்சு."

எனக்கு எழுந்து ஒரு சங்கீதம் பாடலாம் போலிருந்தது. தலைவர் அந்தக் குப்பியை வாங்கித் திறந்து மோந்தார். மறுபடி மோந்தார். தன் வேட்டி நுனியை எடுத்து மோந்தார், பிறகு உள்ளங்கையை மோந்தார். அவர் காதுமடல்கூடச் சிவந்துவிட்டது.

"சாம்பிள் ரூம்ல," என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அந்தப் பாத்திரத்தை மூடறதுக்கு முன்னாடி, சின்னதா ஒரு கட்டி ஏத்திக் காமிச்சேன். கடைசி லாட்டாச்சே, ஒரு விக்னமும் வரப்படாதுன்னு. ஆளில்லாம போறது, பகவானாவது கூட இருக்கட்டுமேன்னு தோணித்து." எங்களைப் பார்க்காமல் சொன்னார். "நாத்தம் ஏதும் வரப்படாதுன்னுதான் வேண்டிண்டேன்."

முதலில் சிரித்தது ஆரியசாலைக்காரர். பிறகு எல்லோரும் சிரித்தோம், தலைவரும் சிரித்தார். நாற்றம் வரக்கூடாது என்று காட்டிய கற்பூரம்தான் நாறியிருக்கிறது. பிறந்த நாளிலிருந்து காலையும் மாலையும் அதிலேயே வளர்ந்த நாலு மூக்குக்கும் அது காற்று மாதிரி ஆகிவிட்டிருக்கிறது. பஞ்சின்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

வேதியியல்காரி இன்னும் உட்காரவில்லை. "சேச்சி, இன்னொண்ணு உண்டு" என்றாள்.

அவள் ஒரு குப்பியை என்னிடம் நீட்டினாள். நான் மோந்தேன். தண்ணீர். "வெறும் குப்பிதானே?"

அவள் அதை ஆரியசாலைக்காரரிடம் கொடுத்தாள். அவர் முகத்தைச் சுளித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தார். "எக்கா, ரப்பர்! ரப்பர் ஷீட்டு பால் நாத்தம்லா இது! குடலப் புடுங்குது!"

எங்கள் ஊரில் ரப்பர் தோட்டம் இல்லாத வீடு குறைவு. பாலை உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைக்கூட்டில் தொங்கவிட்டிருப்போம். அதை ஒட்டித்தான் அடுப்படி, அதற்கப்புறம் நாங்கள் படுக்கும் அறை. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவர்களுக்குக் கொழுப்பு என்று சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன்.

வேதியியல்காரி பழைய எண்களையும் பார்த்திருக்கிறாள். கலத்தின் கதவு ஓரத்தில் வைக்கும் ரப்பர் பட்டைக்கு மற்ற நால்வரும் எல்லையைக் கொஞ்சம் தாண்டித்தான் எண் போட்டிருந்தார்கள். நான் பூஜ்யம். என் பூஜ்யம்தான் சராசரியை இழுத்து அதைத் தேற வைத்திருந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் என் மூக்கை நம்புங்கள் என்று சண்டை போட்டேனே, அந்த மூக்கை நானே நம்பலாமா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"பட்டையையும் திரும்ப வையுங்க சார்" என்றேன்.

விதிப்படி பார்த்தால் ஐந்து பேரும் தோற்றவர்கள், ஐந்து பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "எல்லாரும் போயாச்சுன்னா அப்புறம் யார் மோக்கறது, அந்தப் பொம்மையா?" என்று தலைவர் கேட்டார். கடைசியில் விதியைத்தான் மாற்றினார்கள். ஒரே மாதிரி வாசனை உள்ள வீட்டிலிருந்து இரண்டு பேர் குழுவில் இருக்கக்கூடாது என்று வைத்தார்கள். தலைவரும் நானும் இருந்தோம். மற்ற மூவருக்குப் பதிலாகக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர், அத்தர் பூசும் வீட்டிலிருந்து ஒருவர், எந்த வீட்டிலும் ஒழுங்காக இராத ஹாஸ்டல்காரர் ஒருவர் வந்தார்கள். ஆரியசாலைக்காரர் நிம்மதியாகக் கணக்குப் பிரிவுக்குப் போய், மத்தியானம் பூண்டு ஊறுகாய் தின்ன ஆரம்பித்தார்.

கற்பூரப் புகை படாத பஞ்சுத் துண்டுகளை வேறு அறையில் வைத்துத் திரும்பச் சோதனைக்கு எடுத்தார்கள். கதவுப் பட்டையும் சேர்ந்து வந்தது. பட்டையை மற்றவர்கள் மோந்தார்கள். நான் அந்த ஒன்றிலிருந்து விலகிக்கொண்டேன், அது திரும்பிப்போய் வேறு ரப்பரில் வந்து தேறியது. பஞ்சுக்கு மட்டும் ஊசிக்குழாய் என் மூக்கருகே வந்தது. இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி கேட்டு வாங்கி இழுத்தேன். சுத்தமாக ஒன்றுமில்லை.

பூஜ்யம் என்று எழுதிவிட்டேன், கையெழுத்து மட்டும் போட வரவில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லையா, அல்லது எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த வேறு ஏதாவதா? கடற்கரைக்காரரும் மற்ற இருவரும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். தட்டிக்கு அந்தப்பக்கம் தலைவர் மட்டும் இருந்தார். அவருடைய பேனாவும் ஓடுகிற சத்தம் இல்லை.

பேசக்கூடாது என்பது விதி. அவர்தான் முதலில் பேசினார், மெதுவாக.

"அம்மா, உங்களுக்கு ஏதாவது தெரியறதா?"

"இல்ல சார். ஒண்ணும் இல்ல." பிறகு நான் கேட்டேன். "உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணும் இல்லை. ஆனா என் மூக்கைப் பத்திதான் உங்களுக்குத் தெரியுமே."

"எனக்க மூக்கப் பத்தியும் உங்களுக்குத் தெரியும் சார்."

அவர் சிரித்தது கேட்டது. பேனா தாளில் உரசியது. நானும் என் பூஜ்யத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.